தோட்டப்புற மிஷன் வீட்டில் ஒரு வாரம்: முதன்முறை வருகிறவர்களுக்கு

எங்கள் ஊர் பேராக் மாநிலத்தின் வடக்கு மூலையில் இருக்கிறது. ஒரு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் கிரியான் வட்டாரத்து நெல் வயல்வெளி. இரண்டு வரிசைக் கடைவீடுகள், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பள்ளிவாசல், ஊர் முடிகிற இடத்தில் எங்கள் மாதா கோயில். அதன் பின்னால் முன்பு கன்னியர் குடியிருந்த பலகை வீட்டை இன்றைக்கும் மிஷன் வீடு என்றுதான் சொல்கிறோம். அதில் நான்கு அறைகள். சாவிக்கொத்து பதினான்கு வருடமாக என்னிடம் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், இரவுப் பணி பார்த்துக் களைத்த செவிலியர், துணையை இழந்து ஓராண்டு முடிந்தவர்கள், உடம்பு சோர்ந்துபோன உபதேசியார்கள். எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். நானும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தேன். சரி, ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மலேசியாவின் மற்றத் தோட்டப்புற ஊர்களில் தங்கப் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுக்கு என்று கிளம்பி வருகிறவர்கள் பலர் வந்த மறுநாளே வேலை தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கட்டுமா, வீடு வீடாகச் செபிக்கப் போகட்டுமா என்று கேட்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இந்த வீட்டுக்கு என்று ஒரு நேர ஒழுங்கு இருக்கிறது. அதற்குள் உங்களை விட்டுவிட்டால் மூன்றாம் நாள் தூக்கம் தானாக வரும். பையில் ஒரு திட்டத்தை மடித்து வைத்துக்கொண்டு வந்தவர்கள் வந்த களைப்போடுதான் திரும்பிப் போனார்கள். இதை நான் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.

முதல் வேலை: நாள் பார்த்து, கடிதம் எழுதுவது

ஏழு இரவாவது தங்குகிற மாதிரி வாருங்கள். நான்கு நாள் பயணக் களைப்புக்கே சரியாகிவிடும். அந்த ஏழில் ஒரு ஞாயிறு கட்டாயம் இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜனவரியும் பிப்ரவரியும் இங்கே மழை குறைந்த மாதங்கள். அந்தச் சமயத்தில் ரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிர்க்கும். வெப்பமண்டலத்தில் இப்படி ஓர் இலையுதிர்வா என்று முதன்முறை பார்க்கிறவர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை கொட்டும். மழைச் சத்தத்தில் தூங்கப் பிடிக்கும் என்றால் அப்போதே வாருங்கள். டுரியான் ஆசைப்படுகிறவர்கள் வருட நடுவில் வரலாம். புனித வாரத்திலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் வேண்டாம், அறைகளில் பாடகர் குழுப் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். ஜூலைக் கடைசியிலும் யோசித்துச் செய்யுங்கள். ஜூலை 26 புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாள். அந்தப் பக்கம் போகும் ரயில், பேருந்து, தங்கும் விடுதி எல்லாம் நிறைந்துவிடும்.

கடிதத்தைப் பங்கு அலுவலகத்துக்கு எழுதுங்கள். எனக்கோ, தெரிந்த உறவுக்காரருக்கோ சொல்லிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஒரே ஃபாதர் மூன்று நான்கு சிற்றாலயங்களையும் சேர்த்துப் பார்க்கிறார், பதில் வர இரண்டு வாரம் ஆகலாம். கடிதத்தில் நான்கு விவரம் வேண்டும்: எத்தனை பேர், எந்தத் தேதி, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், மாடிப்படி ஏற முடியுமா. கூடவே உங்கள் ஊர்ப் பங்குக் குருவிடம் ஒரு வரி அறிமுகம் வாங்கி இணைத்துவிடுங்கள். மற்றச் சபைகளைச் சேர்ந்தவர்களும் வந்து தங்கியிருக்கிறார்கள், இந்து நண்பர்களும் தங்கியிருக்கிறார்கள். அதையும் முன்கூட்டியே சொன்னால் போதும்.

நுழைவு, பயணம்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகையை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்முன் அது நடப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கிற தளம் போலி. திரும்பிப் போகும் டிக்கெட்டையும் எங்கள் பங்கின் அழைப்புக் கடிதத்தையும் காகிதத்தில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். குடிநுழைவு முகப்பில் கைப்பேசியைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

இப்படி வருவது சுற்றுலா அனுமதியில் வருவது. அந்த அனுமதியில் பிரசங்கம் செய்வதோ தியானம் நடத்துவதோ கூடாது. அதற்கென்று தனி அனுமதி இருக்கிறது, பங்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். குருக்கள், போதகர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ கோலாலம்பூருக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரப் பறப்பு. இங்கே மணி இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். விமான நிலையத்திலிருந்து விரைவு ரயில் அரை மணியில் கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் கொண்டுவந்துவிடும். அங்கிருந்து வடக்கே பட்டர்வொர்த் பக்கம் போகும் இடிஎஸ் மின்ரயில். எங்கள் பக்கத்துக்குப் பாரிட் புந்தாரில் இறங்க வேண்டும். பள்ளி விடுமுறை, ஹரிராயா என்கிற நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு சமயங்களில் இந்த ரயிலில் இடமே கிடைக்காது. தேதி முடிவானதும் செயலியில் எடுத்துவிடுங்கள்.

தைப்பிங் தாண்டியதும் தூங்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் புக்கிட் மேரா ஏரி வரும், ரயில் தண்ணீருக்கு மேலேயே போகும். இருபுறமும் நீர், தூரத்தில் மலை. கிரியான் வயல்களுக்குப் பாய்ச்ச நூறு வருடத்துக்கு முன்னால் அணை கட்டித் தேக்கிய ஏரி இது. இங்கே வருகிறவர்கள் பலர், மனது முதலில் லேசானது அந்த ஏரியில்தான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் இறங்கினால் எங்கள் ஆள் ஒருவர் காத்திருப்பார். செயலியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டி தோட்டத்துப் பக்கம் அவ்வளவு சுலபமாக வராது, இரவில் சுத்தமாகக் கிடைக்காது. அதனால் மாலை ஆறு மணிக்குள் இறங்குகிற மாதிரி ரயில் பாருங்கள்.

பையில் என்ன

குறைவாகக் கொண்டு வாருங்கள். பருத்தித் துணி, செருப்பு, நடக்க ஒரு மூடிய காலணி, குடை, கொசு விரட்டும் களிம்பு. கொசு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். இங்கே டெங்கி வருடம் முழுக்க உண்டு, அந்தக் கொசு பகலில் கடிக்கிறது. மின்செருகி மூன்று சதுரக் கால் உள்ளது, அதற்கு மாற்றுச் செருகி வேண்டும். மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, திரும்பும் நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குச் சேர்த்து எடுத்து வாருங்கள். பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள், அரசாங்க மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு.

பரிசு ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று நினைத்தால், வேளாங்கண்ணி எண்ணெய் சின்னக் குப்பிகள் பத்து. எங்கள் பாட்டிமார்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது. பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகம் கொண்டு வரலாம். செடி, விதை, கிழங்கு எதுவும் வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

வந்து சேர்ந்த அன்று

பங்கு அலுவலகத்தில் பெயர் எழுதிவிட்டு அறைக்குப் போய்க் குளியுங்கள். வெளியே வந்ததும் யாராவது ஒருவர் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார். காலை உணவைப் பசியாறுவது என்றுதான் இங்கே சொல்வோம். அந்தக் கேள்வி வணக்கத்துக்குச் சமம். "ஆச்சுங்க, நீங்க?" என்றால் போதும், உறவு தொடங்கிவிட்டது.

இன்னும் சில சொற்கள் காதில் விழும். ரிங்கிட்டை வெள்ளி என்போம். ரப்பர் மரம் பால்மரம், பழைய ஆட்களுக்குக் கித்தா. தொழிலாளர் வரிசை வீடு லயம். குமாஸ்தா கிராணி. விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது பெரட்டு. வயதில் பெரியவர்களை ஐயா, அம்மா என்றே அழையுங்கள். கடைக்காரச் சீனரைத் தவ்கே என்றும் மலாய்க்காரப் பெரியவரைப் பாச்சேக் என்றும் நாங்கள் அழைக்கிறோம், நீங்களும் அப்படியே அழைக்கலாம்.

வீட்டின் ஒரு நாள்

முதல் விடியற்காலை உங்களைக் கொஞ்சம் குழப்பும். இந்தத் தேசத்துக் கடிகாரம் சூரியனைவிட முன்னால் ஓடுகிறது. ஏழு மணி தாண்டித்தான் வெளிச்சம் வரும். ஆறேகாலுக்குக் கோயில் மணி அடிக்கும்போது வானம் நடுராத்திரி மாதிரி கறுப்பாக இருக்கும். ஆறரைப் பூசைக்கு எட்டுப் பத்துப் பேர் டார்ச் விளக்கோடு வருவார்கள். பூசை முடிந்து வாசலுக்கு வரும்போதுதான் கிழக்கே மெல்ல வெளுக்கும், தோட்டத்துப் பக்கமிருந்து பனி எழும்பும். முதல் நாள் எழுந்திருக்க முடியாவிட்டால் தூங்குங்கள், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

மிஷன் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் பால்மரம் இன்னும் நிற்கிறது. மற்ற இடமெல்லாம் செம்பனையாகிவிட்டது. எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா அதில் ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டுகிறார். கேட்டால் கூட்டிக்கொண்டு போவார். தயவுசெய்து ஒரு காலையாவது போய்ப் பாருங்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போவார். முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நாடா மாதிரி உரித்தெடுத்துச் சாக்கில் போடுவார். பிறகு கத்தியை இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக இழுப்பார். பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சீவுப்படும், சுருள் சுருளாக விழும். இன்னும் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். வெட்டு முடிகிற நொடியில் கோடு முழுக்க வெள்ளைப் புள்ளிகள் அரும்பி, சேர்ந்து, ஓடி, தகரப் பீலி வழியாக மங்கு என்கிற கிண்ணத்தில் சொட்டும். வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் இறங்காது, அதனால்தான் இருட்டில் வெட்டுவது. மழை பெய்த காலையில் வெட்டு இல்லை. அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பதினைந்து நிமிடம் பேசாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும். என் தாத்தாவும் பாட்டியும் நாற்பது வருடம் இந்தச் சத்தத்தில்தான் எழுந்தார்கள்.

எட்டு மணிக்குப் பசியாறல். தோசை, சில நாள் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் சம்பலும், வாரத்தில் ஒருநாள் முனைக் கடையிலிருந்து பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய். பகல் சாப்பாடு பன்னிரண்டரை. உணவு விலக்கு இருந்தால் என்னிடம் முதல் நாளே சொல்லுங்கள், பொரித்த நெத்திலி இல்லாமல் சம்பல் வைக்கவும் தெரியும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிப்போம், கெட்டில் அறையிலேயே இருக்கிறது.

ஒன்றிலிருந்து நான்கு வரை வீடே அடங்கிவிடும். இந்த மூன்று மணி நேரம் பெரும் கொடை. கைப்பேசியை அலுவலகத்து டிராயரில் போட்டுவிட்டு வந்து படுங்கள். நான்கு மணிக்கு மேகம் திரளும், பல நாள் இடியும் வரும். இடிச் சத்தம் கேட்டதும் திறந்த வெளியிலும் தனி மரத்தடியிலும் நிற்காதீர்கள். ஐந்தரைக்குத் தேத்தண்ணீர். மாலை ஏழரைக்குச் செபமாலை. விருப்பமிருந்தால் வாருங்கள், விருப்பமில்லாவிட்டால் தாழ்வாரத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

தோட்டத்துக்குள் நடப்பது

செம்பனைத் தோட்டம் தனியார் நிலம். வாயிலில் காவலர் இருப்பார், பெயர் சொல்லி அனுமதி வாங்கிப் போங்கள். நாங்கள் முன்னரே சொல்லி வைத்திருப்போம். காலை ஏழரையிலிருந்து பத்துக்குள் நடந்துவிட்டுத் திரும்புங்கள். குலை வெட்டுகிற இடத்தில் கிட்டப் போகாதீர்கள். நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாள் கட்டி இழுப்பார்கள். விழுகிற குலை இருபது கிலோ இருக்கும், உடம்பெல்லாம் முள். மட்டைக் குவியல்களுக்குள் கால் வைக்காதீர்கள், எலி இருக்கிற இடத்தில் நாகமும் இருக்கும். அந்த எலிக்காகத்தான் கம்பங்களின் மேல் மரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். வெண்ணாந்தை அதில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அந்தி நேரத்தில் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தால் அது சத்தமே இல்லாமல் வெள்ளையாகத் தாழப் பறந்து போவதைப் பார்க்கலாம்.

பழைய லயங்களில் இப்போது பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இருக்கிறார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கொடியில் காயும் துணியைக்கூட எடுக்க வேண்டாம். அவர்கள் குடியிருக்கும் வீடு அது. அப்புறம், "ஐயோ பாவம், எப்படி இருந்திருக்கிறார்கள்" என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். கேள்வியாகக் கேளுங்கள். கதை கதையாக வரும். அதில் ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடக் கூட்டிப்போய்த் திரும்பாத மாமாவும் இருப்பார், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில் தொட்டில் கட்டி வளர்ந்து பிற்பாடு பள்ளித் தலைமையாசிரியையான பெண்ணும் இருப்பார்.

இந்தப் பக்கத்துத் தமிழர் வரலாறு ரப்பருக்கும் முந்தியது. 19-ஆம் நூற்றாண்டில் கிரியானிலும் கடலோரத்திலும் கரும்புத் தோட்டங்கள் இருந்தன, அவற்றுக்குத்தான் முதலில் ஆட்கள் கப்பலேறி வந்தார்கள். பாகான் செராயில் பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த ரெனே ஃபே என்ற குரு தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக ஒரு விவசாயக் குடியேற்றத்தை அமைத்தார், அதன் பெயர் சூசைப்பாளையம். அவர் 1896-இல் மலாக்கா ஆயரானார். தமிழில் பாளையம் என்று முடிகிற ஊர்ப்பெயரை மலேசிய மண்ணில் கேட்பது வருகிறவர்களுக்கு ஆச்சரியம். எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒருமுறை போய் வாருங்கள். பழைய கற்களில் ஒன்றில் இறந்தவரின் பெயர் அரித்துப்போய்விட்டது. கீழே "தஞ்சாவூர் ஜில்லா" மட்டும் நன்றாகத் தெரிகிறது.

பேச்சிலும் பணத்திலும் கவனம்

சில வருடங்களுக்கு முன்னால் தங்கியிருந்த ஒருவர் கையோடு கொண்டுவந்த மதத் துண்டுப் பிரசுரங்களை மாமாக் கடை என்கிற இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். அவருக்கு விவரம் தெரியவில்லை. கடைக்காரர் மறுநாள் அதைக் காகிதத்தில் சுற்றி ஃபாதரிடம் கொண்டுவந்து கொடுத்து, "இதை யாரும் பார்க்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்த மலேசிய அரசமைப்பின் 11-ஆவது விதி இடம் தருகிறது. பேராக் மாநிலத்தில் அதற்குச் சட்டமும் இருக்கிறது. நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், விளைவு எங்களுக்கும் அந்தக் கடைக்காரருக்கும். ஆகவே பிரசுரம் வேண்டாம், மத விவாதம் வேண்டாம். கடையில் உட்கார்ந்து தே தாரிக் என்கிற இழுத்து ஆற்றிய பால் தேநீரைக் குடித்து, வெயிலைப் பற்றியும் டுரியான் விலையைப் பற்றியும் பேசுங்கள். இந்த ஊர் நூறு வருடமாகச் சேர்ந்து வாழ்வது அப்படிப்பட்ட பேச்சில்தான்.

அறைக்கு வாடகை கிடையாது, காணிக்கைதான். உறையில் போட்டு அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையைப் பார்த்து மனம் இளகித் தனியாகப் பணம் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். படிப்பு உதவி செய்ய விரும்பினால் பங்குப் பேரவையிடம் சொல்லுங்கள், முறையாகப் போய்ச் சேரும்.

ஞாயிறு

வாரம் முழுக்கப் பத்துப் பேர் வந்த கோயிலில் அன்று உட்கார இடம் இருக்காது. தோட்டம் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வேலை குறைந்ததும் எங்கள் பிள்ளைகள் பினாங்குக்கும் பிறை நகரத்துத் தொழிற்சாலைகளுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். ஞாயிறு அன்று முடிந்தவர்கள் காரில் வருவார்கள். தமிழ்ப் பூசை எட்டரைக்கு. முடிந்ததும் மண்டபத்தில் எல்லாரும் சேர்ந்து பசியாறுவோம். புதியவர் என்பதால் உங்களை முன்னால் கூப்பிட்டுப் பெயரும் ஊரும் கேட்பார்கள், இரண்டு வரி சொன்னால் போதும். பிறகு ஒருவர் வந்து, "எங்க தாத்தாவும் உங்க பக்கம்தான், ஊர்ப் பேரு மட்டும் தெரியும்" என்பார். பொறுமையாகக் கேளுங்கள். தெரிந்த ஊராக இருந்தால் அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா, பேருந்து போகிறதா என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். நீங்கள் எங்களுக்குச் செய்யக்கூடிய ஊழியம் ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள் அல்லவா, இதுதான். ஒரு ஞாயிறு இருக்கட்டும் என்று சொன்னதும் இதற்காகத்தான்.

வெளியே ஒரு பயணம் போதும். கொம்யூட்டர் என்கிற உள்ளூர் ரயிலில் புக்கிட் மெர்தாஜாம் போய்ப் புனித அன்னம்மாள் ஆலயத்தைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். 1846-இல் தொடங்கிய திருத்தலம், 2019-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. திருநாள் அல்லாத நாளில் மலையடிவாரத்துப் பழைய கோயிலில் நீங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கக் கிடைக்கும்.

காய்ச்சல் வந்தால் மறைக்காமல் உடனே என்னை எழுப்புங்கள், எந்த இரவானாலும் சரி. இரண்டாம் நாளும் இறங்காவிட்டால் இரத்தப் பரிசோதனைக்குக் கிளினிக்குக் கூட்டிப் போவோம். அவசர எண் 999.

கிளம்புகிற அன்று

முந்தின இரவே மெத்தை விரிப்பையும் தலையணை உறையையும் கழற்றிக் கூடையில் போட்டுவிடுங்கள். பாதி தீர்ந்த கொசுக் களிம்பு, குடை, மாற்றுச் செருகி எதையும் தூக்கிப்போடாமல் அலமாரியில் விட்டுவிட்டுப் போனால் அடுத்து வருகிறவருக்கு உதவும். உங்களுக்கும் அப்படி யாரோ விட்டுப்போன ஒரு குடை முதல் நாளே கிடைத்திருக்கும். அதிகாலை ரயில் என்றால் அலுவலகம் திறந்திருக்காது, சாவியைத் தாழ்வாரத்து மாதா சுரூபத்தின் காலடியில் வையுங்கள். பூசைக்குப் போகிறபோது நான் எடுத்துக்கொள்கிறேன்.